காணிக்கைத் தட்டும் கல்லூரி வாசலும்
செல்மா லுத்தரன் கல்லூரியின் வரலாறு, 1922–2018



நினைவுச் சொற்பொழிவு என்றால் நம் ஊர்ப் போராட்டம் ஒன்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நான் கடல் கடந்து போகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் செல்மா என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே கறுப்பின மக்களுக்காக 1922இல் தொடங்கி 2018இல் மூடப்பட்ட ஒரு லுத்தரன் கல்லூரியின் கதையைச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவின் வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள் ஏறத்தாழ நூறு. அவற்றில் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்ததாக இருந்தது இது ஒன்றுதான்.

இதை ஏன் நாம் கேட்க வேண்டும்? ஜோதிராவ் ஃபுலே 1873இல் வெளியிட்ட தன் குலாம்கிரி நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். இந்த உறவைக் கவிதையாகவும் முழக்கமாகவும் நாம் நன்கு அறிவோம். கணக்குப் புத்தகமாக அறிந்தது குறைவு. ஒரு பள்ளி எப்படி நடக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, கட்டடமும் நிலமும் யார் பெயரில் இருக்கின்றன, முடிவெடுப்பவர் யார் என்ற கேள்விகளோடுதான் இந்தக் கல்லூரியை நான் வாசிக்கிறேன்.

1. கரிசல் நிலத்து ஆசிரியை

அலபாமாவின் நடுவே குறுக்காகக் கிடக்கும் நிலப்பரப்புக்கு ‘பிளாக் பெல்ட்’ என்று பெயர். முதலில் அதன் கருத்த மண்ணைக் குறித்த பெயர் அது. நம் ஊர்ச் சொல்லில் கரிசல் பட்டை எனலாம். பருத்தி விளையும் பூமி. அந்தப் பருத்திக்காக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அடிமை முறை ஒழிந்த பின்னும் அங்கேயே வாரக் குத்தகைக்காரர்களாகக் கிடந்தார்கள். விதையும் கடன், ஏரும் கடன், அரிசிக்குப் பதிலாகத் தின்னும் சோள மாவும் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது நில உடைமையாளருக்கு இவர்கள்தான் பாக்கி வைத்திருப்பார்கள்.

1901இல் அலபாமா புதிய அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டது. வாக்குரிமைக்கு வரி, எழுத்தறிவு, சொத்து என்று நிபந்தனைகளை அடுக்கிக் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியேற்றியது. பள்ளிகளும் நிறவாரியாகத் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றது. வாக்கு இல்லாதவர்களின் பள்ளிக்கு அரசுப் பணம் எவ்வளவு வரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணில், வில்காக்ஸ் மாவட்டத்தின் ரோஸ்பட் என்ற சிற்றூரில், 1890இல் பிறந்தவர் ரோசா யங் அம்மையார். தந்தை ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் சபையின் போதகர். செல்மாவில் அந்தச் சபை நடத்திய பேய்ன் பள்ளியில் படித்து 1909இல் முதல் மாணவியாகத் தேறினார். பட்டணத்தில் வேலை தேடிப் போகாமல் ஊர் ஊராகக் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தினார். 1912இல் ரோஸ்பட்டில் சொந்தமாக ஒரு பள்ளியைத் திறந்தார். 7 பிள்ளைகளோடு தொடங்கிய அந்தப் பள்ளி மூன்றாவது பருவத்திற்குள் இருநூறைத் தாண்டியது. தேவை எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பள்ளி நடந்தது பருத்திப் பணத்தில். பெற்றோர் கொடுத்த சிறு கட்டணம், அம்மையார் வீடுவீடாக ஏறி இறங்கிச் சேர்த்த நன்கொடை, இவ்வளவுதான் வருமானம். 1914 வாக்கில் பருத்திக்காய்க் கூன்வண்டு அந்தப் பகுதியைத் தாக்கியது. காய்க்குள்ளேயே முட்டையிட்டு விளைச்சலை அழிக்கும் பூச்சி அது. பருத்தி போனது, கட்டணமும் நின்றது. ஒரு சமூகத்தின் கல்வி ஒரே பயிரின் மேல் நின்றால், அந்தப் பயிரை அழிக்க வரும் பூச்சி பள்ளியையும் அரித்துவிடுகிறது.

2. ஒரு கடிதம்

அம்மையார் தன் மெத்தடிஸ்ட் சபையிடம் உதவி கேட்டார். கிடைக்கவில்லை. டஸ்கீகி கல்வி நிறுவனத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டனுக்கு எழுதினார். லுத்தரன்களின் கறுப்பின மிஷன் வாரியத்திற்கு எழுதிப் பாருங்கள் என்று அவர் பதில் அனுப்பினார். 1915 இலையுதிர் காலத்தில் ரோசா யங் அந்த வாரியத்திற்குக் கடிதம் போட்டார். பள்ளியை நீங்கள் எடுத்து நடத்துங்கள், நிலத்தையும் கட்டடத்தையும் உள்ளே இருக்கும் பொருட்களையும் தந்துவிடுகிறோம் என்பது அதன் சாரம்.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மிஷன் வரலாறுகளில் பெரும்பாலும் மிஷனரி வருவார், இருட்டில் கிடந்த மக்களுக்கு விளக்கேற்றுவார். இங்கே நடந்தது வேறு. பள்ளி முன்பே இருந்தது, ஆசிரியை இருந்தார், இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள், நிலம் இருந்தது. இல்லாமல் போனது மாதச் செலவுக்கான பணம் மட்டும். அந்த ஒரு குறைக்காக மக்கள் தங்கள் நிலத்தையும் பள்ளியையும் முன்வந்து கொடுத்தார்கள். சேர்ந்தே அவர்களுடைய சபை அடையாளமும் மாறியது. வாரியம் நில்ஸ் பாக்கே என்ற மூத்த மிஷனரியை அனுப்பியது. ரோஸ்பட் லுத்தரன் ஊரானது. அடுத்த ஆண்டுகளில் ரோசா யங் ஊர் ஊராக நடந்து ஏறத்தாழ 30 பள்ளிகள் உருவாகக் காரணமாக இருந்தார்.

3. காணிக்கை எங்கிருந்து வந்தது

அந்த மிஷன் வாரியத்தின் பணம் யாருடையது? மிசூரி சினாடும் அதன் துணைச் சபைகளும் சேர்ந்து 1872இல் ‘சினாடிகல் கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்பை அமைத்தன. கறுப்பின மக்களிடையே ஊழியம் செய்வதென்று 1877இல் முடிவெடுத்தன. சபையார் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து குடியேறிய உழவர்களும் கைத்தொழிலாளர்களும். வீட்டிலும் ஆலயத்திலும் ஜெர்மன் மொழி பேசியவர்கள். அவர்களுக்காக ஜெர்மனில் ‘மிஷன் புறா’ என்றும் ஆங்கிலத்தில் ‘லுத்தரன் முன்னோடி’ என்றும் இரண்டு பத்திரிகைகள் 1879இல் தொடங்கின. தெற்கிலிருந்து வரும் ஊழியச் செய்திகள் அவற்றில் அச்சாகும். அறுவடைக் காலத்தை ஒட்டிச் சபைகளில் மிஷன் திருவிழா நடக்கும். பிரசங்கம், பாட்டு, மதிய உணவு, பிறகு காணிக்கைத் தட்டு. அயோவாவிலும் இலினாயிலும் சோளம் நன்றாக விளைந்த ஆண்டில் அலபாமாவின் ஆசிரியைக்குச் சம்பளம் சிக்கலில்லாமல் வந்தது.

இந்த நிதிமுறைக்கு ஒரு விலை இருந்தது. கொடுப்பவர் மனம் இளக வேண்டுமென்றால் பெறுபவரின் வறுமை தொடர்ந்து எழுதப்பட வேண்டும். கறுப்பினக் கல்லூரிகள் எல்லாமே இந்தச் சிக்கலை ஏதோ ஒரு வகையில் சந்தித்தன. ஃபிஸ்க் கல்லூரியின் மாணவர்கள் 1871இல் பாடகர் குழுவாகக் கிளம்பி, தம் பாட்டன்மாரின் அடிமைக்காலப் பாடல்களைப் பாடிப் பணம் சேர்த்து, ஜூபிலி மாளிகையையே கட்டினார்கள். அங்கே மாணவர்கள் தங்கள் கலையைக் கொடுத்துப் பணம் பெற்றார்கள். மிஷன் பத்திரிகையிலோ மக்களின் இல்லாமை விலைபேசப்பட்டது. இந்த வேறுபாடு நமக்கு முக்கியம். நம் விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் அச்சிடப்படும் நன்கொடைத் துண்டறிக்கைகளில் எந்தப் படங்கள் இடம்பெறுகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு செய்தி நம்மை நேரடியாகத் தொடுவது. இதே மிசூரி சினாட் 1895இல் இந்தியாவிலும் ஊழியம் தொடங்கியது. லைப்சிக் மிஷனிலிருந்து கொள்கை வேறுபாட்டால் பிரிந்த நெய்தர், மோன் ஆகிய இருவர் அதன் முதல் மிஷனரிகள். இடம் கிருஷ்ணகிரி. பிறகு ஆம்பூர், நாகர்கோவில் என்று பரவியது. அந்தச் சபைகளுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தவர்கள் நம் மக்கள்தான். ஆம்பூரின் கன்கார்டியா பள்ளிக்கும் நாகர்கோவிலின் கன்கார்டியா இறையியல் கல்லூரிக்கும் அந்தப் பெயர் வந்தது இந்த மரத்திலிருந்துதான். செல்மா கல்லூரியின் பிற்காலப் பெயரும் கன்கார்டியா. ஒரே திருச்சபையின் காணிக்கைத் தட்டுகளிலிருந்து ஒரு பங்கு அலபாமாவின் பருத்திக் காட்டுக்குப் போனது, இன்னொரு பங்கு பாலாற்றங்கரைச் சேரிக்கு வந்தது. கொடுத்தவர்களுக்கு இரண்டும் தெரியும். பெற்றவர்கள் ஒருவரையொருவர் அறியவில்லை.

4. செல்மாவில் ஒரு வாடகை வீடு

பள்ளிகள் பெருகப் பெருக ஆசிரியர் பஞ்சம் வந்தது. வட கரோலினாவிலிருந்த இம்மானுவேல் லுத்தரன் கல்லூரி வெகுதூரம். உள்ளூரிலேயே ஆசிரியர்களை உருவாக்க ஒரு நிறுவனம் வேண்டுமென்று 1919இல் ஊழியர் கூட்டத்தில் ரோசா யங் வாதாடினார். மூன்றாண்டுகள் கழித்து, 1922 நவம்பரில், செல்மாவில் ஒரு வாடகை வீட்டில் வகுப்பு தொடங்கியது. பொறுப்பேற்றவர் போதகர் லின். 1925இல் சொந்தக் கட்டடங்கள் எழுந்தன. 1926இல் முதல் அணி படித்து முடித்து மிஷன் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனது. அலபாமா லுத்தரன் அகாடமி என்றும், இளநிலைக் கல்லூரியும் சேர்ந்தபோது அலபாமா லுத்தரன் அகாடமி மற்றும் ஜூனியர் கல்லூரி என்றும் அழைக்கப்பட்டது.

யோசனை ஒரு பெண்ணுடையது. தலைமை நாற்காலியோ போதகர்களுக்கு, அதாவது ஆண்களுக்குப் போனது. நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் போதகர் தலைவராக இருந்தார். ரோசா யங் பிற்காலத்தில் அங்கே ஆசிரியையாகப் பணியாற்றினார். 1930இல் தன் வரலாற்றைத் தானே நூலாக எழுதி வெளியிட்டார். 1961இல் ஓர் இறையியல் கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1971இல் மறைந்தார். திருச்சபை அவரைப் போற்றத் தவறவில்லை. நிர்வாகம் செய்யும் இடத்தில் அவரை வைக்கத்தான் தவறியது. நம் இயக்கங்களிலும் அம்மாக்கள் இப்படித்தான் மேடையில் போற்றப்படுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை.

அந்த வளாகத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக வாழ்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் ஒரே மணியோசைக்கு எழுந்தார்கள். காலை ஜெபம், லுத்தரின் சிறிய ஞானோபதேசம், ஜெர்மன் மரபின் கீர்த்தனைகள். அவற்றை ஜெர்மனியை ஒருநாளும் பார்த்திராத பருத்திக் காட்டுப் பிள்ளைகள் பாடினார்கள். இதைப் பண்பாட்டு ஆதிக்கம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். ஆனால் வாரக் குத்தகைக்காரரின் மகள் கையில் சாக்கட்டியோடு கரும்பலகை முன் நின்ற இடமும் அதுவே. வெள்ளையர் வீட்டுச் சமையலறைக்கும் பருத்தி வயலுக்கும் அப்பால் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு மரியாதையாகக் கிடைத்த வேலை ஆசிரியர் வேலை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

5. பாலமும் பள்ளிக்கூடமும்

செல்மா என்றால் உலகம் அறிந்தது 1965 மார்ச் 7. வாக்குரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்த சுமார் 600 பேரைக் காவல்துறை தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கிய ஞாயிறு. அப்போது செல்மா அமைந்திருக்கும் டல்லாஸ் மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அதிகம் பேசப்படாத இரண்டு நாட்களை நினைவூட்டுகிறேன். ஜனவரி 22 அன்று செல்மாவின் கறுப்பின ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்துக்கு அணிவகுத்துப் போனார்கள். வெள்ளையர் கையிலிருந்த கல்வி வாரியம் வேலையைப் பறித்துவிடும் என்று தெரிந்தே போனார்கள். அதுவரை ஒதுங்கி நின்ற நடுத்தர வர்க்கத்தை இறக்கிவிட்டது அந்த நாள்தான். மார்ச் 6 அன்று வேறொரு அணி. அலபாமாவைச் சேர்ந்த வெள்ளையர் 72 பேர் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு ஆதரவாக அதே நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். முன்னின்றவர் ஜோசப் எல்வாங்கர், பர்மிங்காமில் ஒரு கறுப்பின லுத்தரன் சபையின் போதகர். அவர் தந்தை வால்டர் எல்வாங்கர்தான் 1940களிலும் 50களிலும் செல்மா கல்லூரியின் தலைவர். கறுப்பின வளாகத்தில் வளர்ந்த ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு அந்த இடம் என்ன கற்றுக்கொடுத்தது என்பதற்கு அந்த நடைபயணம் சாட்சி. அவர் தனியாள். அவருடைய திருச்சபை ஒட்டுமொத்தமாக அவரோடு நடக்கவில்லை.

6. தலைக்கணக்கில் ஒரு கல்லூரி

1981இல் பெயர் கன்கார்டியா கல்லூரி என்று மாறியது. அங்கீகாரம் கிடைத்தது. 1990களில் நான்காண்டுப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. மாணவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கறுப்பினக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி பார்த்தவர்கள். 2000களில் கால்பந்து அணியும் அணிவகுப்பு இசைக்குழுவும் வளாகத்தைக் கலகலப்பாக்கின. விளையாட்டை ஆடம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். சிறு கல்லூரிகளின் பொருளாதாரத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு சேர்க்கை, ஒரு கட்டணம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மூடும்போது அங்கே சுமார் 400 மாணவர்கள். ஏழை மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 2017–18இல் 5,920 டாலர். 400 பேருக்கும் முழுத்தொகை கிடைத்ததென்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 23.7 லட்சம் டாலர்தான். அதில் பேராசிரியர் சம்பளம், விடுதி, உணவு, கட்டடப் பராமரிப்பு, மின்சாரம் எல்லாம் நடக்காது. மீதிக்குக் கடன். பிள்ளை தன் பெயரிலும் பெற்றோர் தம் பெயரிலும் வாங்கும் கல்விக் கடன்.

பணக்காரக் கல்லூரிகளுக்கு வைப்புநிதி இருக்கும். ஆண்டுக்கு 5 சதவீதம் எடுத்துச் செலவழிப்பார்கள். மேலே சொன்ன 23.7 லட்சத்தை அந்த வழியில் எடுக்க 4.7 கோடி டாலர் மூலநிதி வேண்டும். மூலநிதி எங்கிருந்து வரும்? பழைய மாணவர்களின் சொத்திலிருந்து. 2016இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பின்படி, வெள்ளையின நடுநிலைக் குடும்பத்தின் சொத்து கறுப்பின நடுநிலைக் குடும்பத்தின் சொத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஆசிரியர்களை உருவாக்கிய கல்லூரிக்குப் பழைய மாணவர் என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். அவர்களிடம் மனம் இருந்தது, மில்லியன் இல்லை. அடிமை முறையும் வாரக் குத்தகையும் பறித்துக்கொண்ட சொத்து ஒரு நூற்றாண்டு கழித்துக் கல்லூரியின் வரவுசெலவுத் தாளில் வெற்றிடமாக வந்து நிற்கிறது.

இந்த நிலையில் அரசின் சிறு அசைவும் அடியாக விழும். 2011இல் பெற்றோர் கடனுக்கான தகுதி விதிகள் இறுக்கப்பட்டன. கறுப்பினக் கல்லூரிகள் பல அப்போது மாணவர்களை இழந்தன. 2012இல் பெல் உதவி பெறும் காலம் 18 பருவங்களிலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டது. வேலை பார்த்துக்கொண்டு விட்டுவிட்டுப் படிப்பவர்களை அது பாதித்தது. சினாட் தன் கல்லூரிகளுக்குத் தந்த நேரடி மானியமோ பல பத்தாண்டுகளாகத் தேய்ந்து வந்தது. செல்மா நகரமும் தேய்ந்தது. 1977இல் விமானப்படைத் தளம் மூடப்பட்டது. 2010இல் 20,756 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 17,971.

2018 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அந்தப் பருவத்தோடு கல்லூரி மூடப்பட்டது. படிப்பு முடியாதவர்கள் வேறு கல்லூரி தேடினார்கள். ஆசிரியர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் காவலாளிகளுக்கும் வேலை போனது. மிசூரி சினாடின் போர்ட்லண்ட் கல்லூரி 2020இலும் நியூயார்க் பிராங்க்ஸ்வில் கல்லூரி 2021இலும் மூடப்பட்டன. எனவே இது நிறவெறியால் மட்டும் நடந்தது என்று நான் எளிமைப்படுத்தவில்லை. சிறு கல்லூரிகள் எங்கும் தத்தளிக்கின்றன. ஆனால் அந்த வரிசையில் முதலில் வீழ்ந்தது எது என்று பாருங்கள். வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் வரும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில் வரும்.

7. நமக்கான கேள்விகள்

ரோசா யங்கின் கடிதத்துக்குத் திரும்புகிறேன். அவர் பள்ளியை ஒப்படைத்தது தவறா? 1915இல் அவர் முன்னால் இருந்தது இரண்டே வழி. பள்ளியைக் கொடுப்பது, அல்லது இருநூறு பிள்ளைகளையும் பருத்தி வயலுக்குத் திருப்பி அனுப்புவது. அவர் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். 96 ஆண்டுகள் ஒரு கல்லூரி வாழ்ந்தது அந்த முடிவால்தான். குறை சொல்ல வேண்டுமென்றால், வரி வாங்கிக்கொண்டு பள்ளி தராத அரசைச் சொல்ல வேண்டும். நிலத்தைப் பெற்றுக்கொண்டு நிர்வாகத்தில் சமபங்கு தர நெடுங்காலம் தயங்கிய திருச்சபையைச் சொல்ல வேண்டும்.

தருமம் செய்பவர் மனம் மாறலாம், அவர் ஊரில் விளைச்சல் குறையலாம், அவர் பேரப்பிள்ளைகளுக்கு வேறு அக்கறைகள் வரலாம். பெறுபவருக்கோ எதிர்த்துக் கேட்க வழக்கு மன்றமில்லை. அரசின் பணம் அப்படியல்ல. அதை உரிமையென்று கேட்கலாம், மறுத்தால் தெருவில் இறங்கலாம். ஆனால் அரசின் விதி ஒன்று மாறினால் கல்லூரியே ஆடிப்போகும் என்பதையும் செல்மா காட்டுகிறது. தருமம், அரசு உதவி இரண்டோடும் மூன்றாவதாகச் சமூகத்தின் சொந்த நிதியும் சொந்த நிர்வாகமும் சேராமல் ஒரு நிறுவனம் நூறாண்டைத் தாண்டுவது கடினம்.

நம் பக்கம் பாருங்கள். கிறித்தவ தலித்துகளுக்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மறுத்தது. ஆம்பூர்ப் பக்கத்துக் கன்கார்டியா பிள்ளைக்கு அயல்நாட்டுக் காணிக்கை வற்றிவிட்டது. அரசின் முழு உரிமையும் கிடைக்கவில்லை. செல்மாவின் பிள்ளை நின்ற அதே சந்தில்தான் அந்தப் பிள்ளையும் நிற்கிறது.

ஆகவே இந்த மன்றத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். ஒன்று, நம் மக்களுக்காகத் தொடங்கப்பட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் விடுதிக்கும் நிலம் கொடுத்தவர் யார், பத்திரம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று மாவட்டவாரியாகத் தொகுக்க வேண்டும். இரண்டு, அவற்றில் பாடம் நடத்திய பெண் ஆசிரியர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும். ரோசா யங் தானே எழுதியதால்தான் இன்று நாம் அவரைப் பேசுகிறோம். மூன்று, பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுவிழா விருந்தோடு நிற்காமல், வட்டியை மட்டும் செலவழிக்கும் ஒரு சிறு வைப்புநிதியையாவது தொடங்க வேண்டும். தொகை சிறிதாக இருக்கட்டும், கணக்கு நம் கையில் இருக்கட்டும்.